நம்பர் பிளேட்: தெரிவது வேறு, படிக்க முடிவது வேறு

போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு முனையில் இட்லிக் கடை போடும் அக்காவின் தள்ளுவண்டியை ஒரு பைக் இடித்துவிட்டுப் போனது. அடுப்பு சரிந்து சாம்பார் அண்டா கவிழ்ந்தது. நல்லவேளை, ஆளுக்குக் காயமில்லை. பைக்காரர் நிற்கவில்லை. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் நம்பரைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

“டி.என். ஐம்பத்தொன்பது, கடைசியில எட்டு” என்றார் ஒருவர். “எட்டு இல்லண்ணே, மூணு” என்றார் பக்கத்தில் இருந்தவர். மூன்றாவது ஆள் கல்லூரிப் பையன். “நம்பரைக் கவனிக்கல. ஆனா பிளேட்ல சிங்கம் படம் இருந்துச்சு” என்றான்.

மூவருமே பிளேட்டைப் பார்த்தவர்கள்தான், படித்தவர்கள் இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் பேச்சில் எப்போதும் விட்டுவிடுகிறோம். “நம்பர் இருக்குல்ல, அப்புறம் என்ன?” என்று போலீஸ்காரரிடம் வாதாடுபவரைப் மதுரை பெரியார் பஸ் நிலையப் பக்கம் எந்த நாளும் பார்க்கலாம். இருப்பது, தெரிவது, படிக்க முடிவது, நம்ப முடிவது என்று இதில் நான்கு சங்கதி இருக்கிறது. சட்டம் நான்கையும் கேட்கிறது. ஏன் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்று ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

வீட்டுக் கதவு எண்ணும் வண்டி எண்ணும்

வீட்டுக் கதவில் எண் எழுதுகிறோம். அதைத் தேடி வருகிற தபால்காரர் நின்று நிதானமாகப் பார்ப்பார். மங்கியிருந்தால் கிட்டே போய்ப் பார்ப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்பார். வீடு அவரை விட்டு ஓடிப்போகாது.

வண்டி ஓடிவிடும். அதன் எண்ணைப் படிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் ஒரு முன்பின் தெரியாத ஆளுக்கு, நினைக்காத நேரத்தில் வருகிறது. அவர் பதற்றத்தில் இருப்பார், வெளிச்சம் சரியாக இருக்காது, வண்டி அவரை விட்டு விலகிக்கொண்டிருக்கும். அவருக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை விநாடி. உங்கள் வீட்டு வாசலில், பகல் வெயிலில், பக்கத்தில் நின்று நீங்கள் படிப்பதை வைத்து “நல்லாத்தானே தெரியுது” என்று முடிவு கட்டினால், அந்த ஆளை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த எண்ணுக்குச் சட்டத்தில் பெயர் பதிவு எண். வண்டியைப் பதிவு செய்யும்போது ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுப்பது. முதலில் மாநிலம், அடுத்து அலுவலகம், பிறகு வரிசை எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம் வரை. மதுரைக்காரர்களுக்கு இது மனப்பாடம்: டி.என். 58 மதுரை தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி. எதிரே வருகிற வண்டியில் 57 இருந்தால் திண்டுக்கல், 60 தேனி, 63 சிவகங்கை, 67 விருதுநகர். அரசுப் பேருந்தில் வரிசை எழுத்து ‘என்’ என்று இருக்கும். வரிசையில் ஆங்கில ‘ஓ’, ‘ஐ’ இரண்டையும் பொதுவாகத் தவிர்த்துவிடுகிறார்கள். ஒன்று பூஜ்யம் மாதிரி, இன்னொன்று ஒன்று மாதிரி தெரியும் என்பதுதான் காரணம். எண்ணைக் கொடுக்கிற கட்டத்திலேயே படிக்கிறவரை மனதில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

சட்டம் எங்கே, விதி எங்கே

“நம்பர் பிளேட் சட்டம்” என்று ஒரு தனிச் சட்டம் கிடையாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் “விருந்து உண்டு” என்று போட்டிருப்பது சட்டம் என்றால், சமையல்காரர் கையில் இருக்கிற சாமான் பட்டியல்தான் விதி. எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது; பதிவு செய்திருந்தாலும், அந்த எண்ணை வகுத்துள்ள முறைப்படி வண்டியில் காட்டியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே பிரிவில், ஒரே மூச்சில் வருகிறது. ஆர்.சி. புக் பையில் இருப்பதோடு வேலை முடியவில்லை.

அந்த “வகுத்துள்ள முறை” என்ன என்று கேட்டால் விதி 50, விதி 51 இரண்டையும் புரட்ட வேண்டும். 50 எங்கே, எப்படி மாட்டுவது என்று சொல்கிறது. 51 எழுத்து எவ்வளவு பெரிது என்று சொல்கிறது. எழுத்து ஆங்கிலத்தில், எண் 1, 2, 3 என்ற வடிவத்தில். பின்பக்கம் இரண்டு வரி: மேலே மாநிலமும் அலுவலக எண்ணும், கீழே மற்றவை. முன்பக்கம் ஒரே வரியில் எழுதலாம்.

பழைய பைக்குகளில் முன் மட்கார்டின் மேல் வாள் மாதிரி ஒரு தகடு நிற்கும், அதன் இரண்டு பக்கமும் எண் எழுதியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? என் மாமாவின் புல்லட்டில் இருந்தது. பார்க்கக் கம்பீரம். ஆனால் எதிரே வருகிறவருக்குத் தகட்டின் விளிம்புதான் தெரியும். அதனால்தான் முன் எண் ஹேண்டில் பாருக்கு இணையாக, நேரே முன்னால் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று விதி இப்போது சொல்கிறது.

இதுவரை: சட்டம் காட்டச் சொல்கிறது, விதி எப்படிக் காட்டுவது என்று சொல்கிறது. படிக்கப் போகிறவர் அவசரத்தில் இருக்கும் அந்நியர்.

ஏன் 40 மில்லிமீட்டர்?

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இரு சக்கர வண்டியின் பின்பக்க எண்களுக்கு விதி 51 வைத்திருக்கும் அளவு: உயரம் 40 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 7, இரண்டு எண்ணுக்கு நடுவே இடைவெளி 5. மேல்வரி எழுத்துக்கு உயரம் 35. கார், லாரி, பஸ் போன்றவற்றுக்கு உயரம் 65, தடிமன் 10, இடைவெளி 10. பார்த்தால் ஏதோ குமாஸ்தா மனம் போனபடி போட்ட எண்கள் போலத் தோன்றும்.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போகாத மதுரைக் குடும்பம் குறைவு. அங்கே சுவரில் எழுத்துப் பலகை இருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. பார்வை நன்றாக இருக்கிற ஒருவர் 6 மீட்டர் தூரத்தில் இருந்து படிக்க வேண்டிய வரியில் எழுத்தின் உயரம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அந்த எழுத்துகளின் கோடு, உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்.

இப்போது பைக் பிளேட்டின் 40 மில்லிமீட்டரை அந்தக் கணக்கில் போடுங்கள். அதே பார்வை உள்ளவர் சுமார் 27 மீட்டர் வரை படிக்கலாம். தெருவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. உங்களைக் கடந்து 27 மீட்டர் போக அதற்கு இரண்டரை விநாடி. முதலில் சொன்ன இரண்டரை விநாடி இங்கிருந்துதான் வந்தது.

ஸ்டிக்கர் கடையில் “ஸ்டைலா இருக்கும்ணே” என்று எழுத்தைப் பாதியாக்கி 20 மில்லிமீட்டரில் ஒட்டினால், படிக்கிற தூரமும் பாதி, நேரமும் பாதி. ஒன்றேகால் விநாடியில் நான்கு எண்ணையும் அதற்கு முன்னால் இருக்கிற எழுத்தையும் யார் பிடிப்பது? இதுவும் பார்வை நன்றாக இருப்பவருக்கு, பகலில், பிளேட் சுத்தமாக இருந்தால். கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவருக்கு அந்தக் கால் விநாடியும் மிஞ்சாது.

உயரம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. கோடு மெலிந்தால் தூரத்தில் கரைந்துவிடும். ரொம்பத் தடித்தால் 8-இன் இரண்டு ஓட்டையும் அடைத்து ஒரு கறுப்பு முட்டை ஆகிவிடும். இடைவெளி இல்லையென்றால் 11 ஒரு கம்பமாகத் தெரியும். 3, 8, ஆங்கில ‘பி’ மூன்றும் நெருங்கிய சொந்தக்காரர்கள்; வளைத்து எழுதினால் யார் யார் என்று பிரிக்கவே முடியாது. 8055 என்ற எண்ணை ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று தெரியும்படி எழுதுவது பழைய வித்தை. எழுதியவருக்குப் பெருமையாக இருக்கலாம். பார்த்தவர் புகார் கொடுக்கப் போனால், “பாஸ் என்று எழுதியிருந்தது சார்” என்றுதான் சொல்ல முடியும்.

தமிழில் எழுதினால் என்ன?

இந்தக் கேள்வி நம் ஊரில் வராமல் இருக்காது. த.நா. என்று போட்டு, தமிழ் எண்களில் எழுதிய பிளேட்டுகளை அங்கங்கே பார்க்கிறோம். மொழிப்பற்றைக் குறை சொல்ல நான் யார்? நானே தமிழில் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் விதி 50 ஆங்கில எழுத்து, சர்வதேச எண் வடிவம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி எழுதுவது விதிமீறல்தான்.

காரணமும் நியாயமானது. மதுரையில் சரக்கு ஏற்றிய லாரி நாக்பூர் தாண்டிப் போகிறது. அங்கே சாலையில் நிற்பவருக்கு நம் ௭, ௮ என்னவென்று தெரியாது. நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ் ஏழு ‘எ’ மாதிரி இருக்கும், தமிழ் எட்டு ‘அ’ மாதிரி இருக்கும். அரசு வண்டிகளில் ‘அ’ என்று எழுதுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. எட்டையும் அரசையும் இரண்டு விநாடியில் பிரித்துப் பார்ப்பது தமிழாசிரியருக்கே சிரமம். தமிழை வண்டியின் வேறு எந்தப் பக்கத்திலும் எழுதிக்கொள்ளலாம், பிளேட்டுக்குள் வேண்டாம்.

இதே நியாயம் பிளேட்டில் வரும் படங்கள், கட்சிக் கொடி, தலைவர் முகம், சாதிப் பெயர், ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வக்கீல்’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இப்படிப்பட்ட ஸ்டிக்கர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது ஊரெல்லாம் சத்தம். பலர் அதைத் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். பிளேட்டைப் பொறுத்தவரை விஷயம் ரொம்பச் சின்னது: அந்தத் தகட்டில் பதிவு எண்ணைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. கல்லூரிப் பையன் சிங்கத்தை ஞாபகம் வைத்து எண்ணைத் தவறவிட்டான். படம் இருந்தால் கண் முதலில் படத்துக்குத்தான் போகும்.

இரவில் பிளேட் எப்படி ஒளிர்கிறது

ராத்திரி அழகர்கோவில் சாலையில் பைக்கில் போனால் ஓரத்தில் நிற்கிற மாட்டின் கண் பளிச்சென்று தெரியும். மாடு தெரிவதற்கு முன்னால் கண் தெரியும். மாட்டின் கண்ணில் விளக்கு இல்லை. உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் அதன் கண்ணுக்குள் போய், வந்த வழியே உங்களிடம் திரும்பி வருகிறது.

ஒளி ஒரு பொருளில் பட்டால் பொதுவாக இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சுண்ணாம்புச் சுவரில் பட்டால் நாலாபக்கமும் சிதறும். உங்களுக்குக் கொஞ்சம்தான் வரும். நிலைக்கண்ணாடியில் பட்டால் எந்தச் சாய்வில் வந்ததோ அதே சாய்வில் மறுபக்கம் போய்விடும். நேரே நின்றால் ஒழிய உங்களுக்கு வராது. மூன்றாவது விதம்தான் மாட்டின் கண் செய்வது: எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வந்தவரிடமே திருப்பி அனுப்புவது. இதை மீளொளிர்வு என்று சொல்லலாம். பிளேட்டின் வெள்ளை அல்லது மஞ்சள் பின்னணியில் ஒட்டியிருக்கும் படலம் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளோ முப்பட்டக அமைப்புகளோ இருக்கும். கறுப்பு எழுத்து ஒளியை விழுங்கிவிடும். பின்னணி ஒளிர, எழுத்து இருட்டாக இருக்க, எண் எடுப்பாகத் தெரிகிறது.

இது புரிந்துவிட்டால் ஸ்டிக்கர் கடை அலங்காரங்கள் ஏன் கெடுதல் என்பதும் புரிந்துவிடும். பளபளக்கும் தங்க நிற எழுத்து ஒட்டினால் எழுத்தும் ஒளிர்கிறது, பின்னணியும் ஒளிர்கிறது, எடுப்பு போச்சு. பிளேட்டுக்கு மேல் புகைநிறப் பிளாஸ்டிக் மூடி போட்டால், ஒளி உள்ளே போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை மங்குகிறது. பகலில் லேசான கறுப்பாகத் தெரிவது ராத்திரியில் முழு இருட்டு. “தூசி படாம இருக்கத்தான் போட்டேன்” என்பார்கள். தூசியைத் துடைத்துவிடலாம்.

இன்னொரு சங்கதி. பின் எண்ணுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளை பல்பு இருக்கும். ராத்திரியில் 15 மீட்டர் பின்னால் இருப்பவர் எண்ணைப் படிக்கும்படி அந்த வெளிச்சம் விழ வேண்டும் என்று விதி 105 சொல்கிறது. ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் பார்ப்போம். இந்த பல்பு செத்து எத்தனை மாதம் ஆனது என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. மெக்கானிக்கும் சொல்ல மாட்டார், ஏனென்றால் நாம் கேட்க மாட்டோம்.

கேமரா எப்படிப் படிக்கிறது

சிக்னலில் மேலே இருக்கும் கேமராக்களில் சில, படம் எடுப்பதோடு எண்ணையும் தானாகப் படிக்கும். இவற்றை ஏ.என்.பி.ஆர். கேமரா என்கிறார்கள், எண்ணைத் தானே அடையாளம் காணும் கேமரா என்பது அர்த்தம்.

முதல் வகுப்புக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளின் வேலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதலில் படத்தில் பிளேட் எங்கே என்று நீள்சதுரத்தைத் தேடும். அது சாய்ந்திருந்தால் நேராக்கும். பிறகு எழுத்தெழுத்தாக அடையாளம் கண்டு, ஒவ்வொன்றும் தான் கற்ற எந்த எழுத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்று பார்க்கும். இரண்டு எண்ணுக்கு நடுவே இடைவெளி இல்லையென்றால் எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தடுமாறும். சாய்ந்த, வளைந்த எழுத்தென்றால் அதற்குப் பழக்கமில்லை.

பல கேமராக்கள் ராத்திரியில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை அடிக்கும். மீளொளிர்வுப் படலம் அதையும் திருப்பி அனுப்பும். நமக்கு இருட்டாகத் தெரிகிற சாலையில் கேமராவுக்குப் பிளேட் மட்டும் பளிச்சென்று தெரியும்.

கேமரா படத்தை வைத்து அபராதம் போடுவதற்கு வழிகாட்டுவது 2021-இல் சேர்த்த விதி 167ஏ. குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் வர வேண்டும், அதில் குற்றத்தையும் பிளேட்டையும் காட்டும் படம் இருக்க வேண்டும். இதை உங்களுக்குப் பாதுகாப்பாகவும் பார்க்கலாம். வேறு ஒருவரின் 3 உங்கள் 8 என்று படிக்கப்பட்டால், படத்தைக் காட்டித்தான் “இது என் வண்டி இல்லை” என்று நிரூபிக்க முடியும். அடுத்தவர் பிளேட் கோணலாக இருந்தால் சலான் உங்கள் வீட்டுக்கு வரலாம். என் நண்பருக்கு அப்படி ஒன்று வந்தது. அவர் மேலூர் தாண்டியதே இல்லாத நாளில், வண்டி எங்கோ ஓடியிருந்தது.

டோல்கேட்டையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். கப்பலூரிலோ சிட்டம்பட்டியிலோ பணம் எடுப்பது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லை, ரேடியோ அலை மூலமாக. பிளேட்டைப் படித்துப் பணம் எடுப்பதில்லை. இரண்டும் வேறு வேறு.

இதுவரை: அளவு மனிதக் கண்ணுக்காக, படலம் இரவுக்காக, ஒரே மாதிரி எழுத்து வடிவம் கேமராவுக்காகவும். மிச்சம் இருப்பது நம்பிக்கை.

எச்.எஸ்.ஆர்.பி. என்றால் ஜி.பி.எஸ். இல்லை

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான புது வண்டிகளுக்குக் கம்பெனியே உயர் பாதுகாப்புப் பிளேட்டைக் கொடுக்க வேண்டும். அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எச்.எஸ்.ஆர்.பி. அலுமினியத் தகடு, புடைத்த எழுத்து, இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் உள்ள ஹோலோகிராம், அதன் கீழ் நீல நிறத்தில் ஐ.என்.டி. என்ற எழுத்து, லேசரில் பொறித்த தனி எண்.

“அதுல சிப் இருக்கு, எங்க போனாலும் கவர்ன்மென்ட் பாத்துக்கிட்டே இருக்கும்” என்று டீக்கடையில் ஒருவர் மிக உறுதியாகச் சொன்னார். இல்லை. அந்தத் தகட்டில் இருப்பிடம் காட்டும் கருவி எதுவும் கிடையாது. லேசர் எண் என்பது நகைக் கடையில் பொன்னில் அடிக்கிற முத்திரை மாதிரி: இந்தத் தகடு இந்த வண்டிக்குத்தான் கொடுத்தது என்று ஏட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

திருடிய வண்டியில் வேறு வண்டியின் எண்ணை எழுதி ஓட்டுவது முன்பு பத்து நிமிட வேலை. இப்போது தகட்டை ஸ்நாப் லாக் என்ற ஆணியால் மாட்டுகிறார்கள். அதைக் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும். உடைத்தால் திரும்ப மாட்ட முடியாது. மின்சார மீட்டரில் வைக்கிற சீல் மாதிரி. கார்களுக்கு முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு மூன்றாவது வில்லையும் உண்டு.

அதனால் விபத்தில் பிளேட் நசுங்கினால் ஸ்டிக்கர் கடையில் அச்சு அசலாகச் செய்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். எண் உங்களுடையதாகவே இருந்தாலும் அந்தத் தகடு போலிதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு, நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பில் மஞ்சள், மின்சார வண்டிக்குப் பச்சையில் வெள்ளை, அதிலேயே வாடகை என்றால் பச்சையில் மஞ்சள், தற்காலிகப் பதிவுக்கு மஞ்சளில் சிவப்பு. புது வண்டியில் ‘ஏ.எஃப்.’ (பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுவது வெறும் வழக்கம். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வேண்டுமென்றே மறைக்காதவர்கள்

நம்பரை மறைக்கிறவர் எல்லாம் சங்கிலி பறிக்கிறவர் இல்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் வருகிற பைக்குகளைப் பாருங்கள். பின்சீட்டில் மல்லிகை மூட்டை. மூட்டையின் வயிறு தொங்கிப் பிளேட்டை மூடியிருக்கும். மேலூர்ப் பக்கம் வைக்கோல் ஏற்றிய டிராக்டரில் பின்னால் டிரெய்லர் இருப்பதே தெரியாது, அப்புறம் அதன் எண் எங்கே தெரிவது? டிராக்டருக்குத் தனி, டிரெய்லருக்குத் தனிப் பதிவு என்பதே பலருக்குத் தெரியாது. காரின் முன்னால் பொருத்துகிற பெரிய இரும்புக் கம்பி பம்பரும் எண்ணின் குறுக்கே ஓடும். விதி காட்டச் சொல்கிறது. எதனால் மறைந்தது என்று அது கேட்பதில்லை. மூட்டையை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டினால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது.

அபராதம் பெரிய தொகை இல்லை. பிளேட் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் 177-ஆம் பிரிவு: முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி பிடிபட்டால் 1500 வரை. பதிவே இல்லாமல் ஓட்டினால் 192-ஆம் பிரிவு, முதல் தடவையே 5000 வரை போகும். வேறு வண்டியின் எண்ணை மாட்டியிருந்தால் அது ஃபைனோடு போகாது, கிரிமினல் வழக்கு.

நானும் ஒரு தடவை மாட்டினேன். ஆயுத பூஜைக்கு மறுநாள். முதல் நாள் வீட்டில் ஸ்கூட்டரைக் கழுவி, மாலை போட்டு, அம்மா கை நிறையச் சந்தனம் குழைத்து வண்டி முழுக்கப் பொட்டு வைத்தார். ஹெட்லைட்டுக்கு ஒன்று, ஹேண்டிலுக்கு இரண்டு, பிளேட்டுக்கு மூன்று. சிம்மக்கல் அருகே ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தவர், “அண்ணே, இது மூணா, எட்டா?” என்றார்.

இறங்கிப் பார்த்தேன். மூணுதான். இடது பக்கத்துப் பள்ளத்தில் அம்மாவின் சந்தனம் காய்ந்து, மேலே குங்குமம் ஒட்டி, நல்ல லட்சணமான எட்டாக மாறியிருந்தது. அவர் ஃபைன் போடவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கர்ச்சீப்பை நனைத்துத் துடைத்தேன்.

இப்போதெல்லாம் பொட்டு ஹெட்லைட்டோடு நின்றுவிடுகிறது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பிளேட்டுக்கு மேலே மட்கார்டில் ஒன்று வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். மாதம் ஒரு தடவை ராத்திரி வண்டியைத் தெருவில் நிறுத்தி, லைட்டைப் போட்டுவிட்டு, பின்னால் இருபது தப்படி நடந்து திரும்பிப் பார்க்கிறேன். ஏறக்குறைய 15 மீட்டர் வரும். போன மாதம் பார்த்தபோது எண் தெரியவில்லை, பல்பு போயிருந்தது.